பூட்டாத கொக்கி

ஊக்குத் தொழிற்சாலையில் அவளுக்கு 'ஏனக்கா' என்று பெயர் விழுந்தது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே. மேஸ்திரி ஒரு தட்டு நிறைய ஊக்கைக் கொண்டுவந்து வைத்து, "இதுல அம்பது எடு. ஒவ்வொண்ணையும் மூணு தடவை திறந்து மூடு. சரியா மூடாததைத் தனியா வை" என்றார்.

"ஏன் மூணு தடவை?"

மேஸ்திரிக்குத் தெரியவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தார், அதையே மேஸ்திரி இவளுக்குச் சொன்னார், அவ்வளவுதான். அவள் அத்தோடு விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தட்டு முழுவதையும் ஒவ்வொன்றாகப் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்து, மக்கர் பண்ணுகிற ஊக்கு எல்லாமே முதல் இரண்டு தடவையிலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று ஒரு தாளில் எழுதி அவர் மேஜையில் வைத்தாள். மேஸ்திரி அதைப் படித்தாரோ இல்லையோ, மறுநாளிலிருந்து அவளைக் கண்டால் வேறு பக்கமாக நடக்க ஆரம்பித்தார். ஆனால் இரண்டே மாதத்தில் அவளைப் பரிசோதனை மேஜைக்கு மாற்றியதும் அவர்தான்.

இருபத்தெட்டு வருடமாக அந்த ஜன்னலோர மேஜைதான். மேஜையில் கழுத்து வளைந்த ஒரு பூதக்கண்ணாடி, ஒரு குறடு, ஒரு விளக்கு. அங்கே அவளுக்கு ரொம்பப் பிடித்த வேலை, புகாரோடு திரும்பி வரும் ஊக்குகளைப் பார்ப்பது. உங்கள் ஊக்கு தானாகவே திறந்துகொண்டது, பாவாடை நழுவி மானம் போகத் தெரிந்தது என்று யாராவது நாலு பக்கம் எழுதி, அந்த ஊக்கையும் காகிதத்தில் ஒட்டி அனுப்பியிருப்பார்கள். குற்றம் கம்பி மேலா, மூடி மேலா, குத்தினவர் மேலா என்று அவள் சொல்ல வேண்டும். பூட்டியிருந்து பிறகு இழுபட்டுத் திறந்த ஊக்கென்றால் நுனியில் மயிரிழை போல ஒரு கீறல் இருக்கும். பூட்டாமலே விட்டதென்றால் இருக்காது. ஊக்கு பொய் சொல்வதில்லை என்பது அவள் அனுபவம். எழுதியவர்களும் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. பூட்டிவிட்டதாக உண்மையிலேயே நம்பியிருப்பார்கள்.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பேச்சைக் குறைத்துப் பழகியவர். விடுமுறை நாளில் விடிந்ததும் தூண்டில் கோலைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் நீர்த்தேக்கத்துக்குப் போய்விடுவார். துணைக்கு அவளுடைய தம்பி. அவன் முடிவெட்டும் கடை வைத்திருந்தான். கடையில் வாய் ஓயாமல் பேசுகிறவன் கரையில் உட்கார்ந்தால் மட்டும் ஊமையாகிவிடுவான். கல்யாணமான புதிதில் அவளும் ஒரு தடவை போனாள். மீனுக்குக் காது எங்கே இருக்கிறது, வெயில் ஏறினால் ஏன் அடியில் போகிறது, தூண்டில் மிதவை ஏன் சிவப்பாக இருக்கிறது என்று ஒரு மணி நேரம் கேட்டாள். அடுத்த வாரம் கணவர், "நீ வாரம் பூரா உழைக்கிறே, இன்னிக்காவது வீட்ல நிம்மதியா இரு" என்று மிகுந்த அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கும் புரிந்தது. இருபத்துநாலு வருடமாக அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்படியிருக்க, ஒரு விடுமுறை நாள் மதியம் இரண்டு பேரும் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தார்கள். கணவர் நேராகப் போய்க் கை கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பிதான் கதையைச் சொன்னான்.

"பெரிய மீன்க்கா. நான் சொல்றேன்னு நினைக்காதே, முதுகை நானே பார்த்தேன், என் கடை வாசப்படி அகலம் இருக்கும். மச்சான் கால் மணி நேரம் அதோட மல்லுக்கட்டினாரு. கரைக்குப் பக்கத்துல வந்துடுச்சு. நான் வலையைக் கூட நீட்டிட்டேன். திடீர்னு கோல் நிமிர்ந்துடுச்சு. இழுத்துப் பார்த்தா, தூண்டில் நரம்பு அறுபடலை, முடிச்சு அவிழலை. நுனியில கொக்கி மட்டும் வாயைப் பிளந்துக்கிட்டு வருது. மாட்டின பொய்மீனோட அந்த மீன் போயிடுச்சு."

"கடைக்காரன் குப்பையைத் தலையில கட்டிட்டான்" என்றார் கணவர். "அடுத்த தடவை ரெண்டு மடங்கு பெருசா வாங்கணும்."

"அந்தக் கொக்கி எங்கே?" என்று கேட்டாள் அவள்.

தம்பி சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கடையில் அதை ஸ்னாப் என்பார்களாம். அரிசியை விடக் கொஞ்சம் நீளமான கம்பி வளையம். அதன் ஒரு முனையைத் தூண்டில் நரம்போடு முடிச்சுப் போட்டுவிடுவது. மறு முனையைத் திறந்து, மீனை ஏமாற்றும் பொய்மீனையோ, இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய்ப்பூச்சியையோ மாட்டிப் பூட்டுவது. மீன் ஒன்றைச் சீண்டாவிட்டால் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் நரம்பை வெட்டி முடிச்சுப் போட்டு மெனக்கெட வேண்டாம்.

அவள் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அட, இது நம்ம ஊக்கோட குட்டித்தங்கச்சி மாதிரி இருக்கே" என்றாள். கூட வாழ்கிற மனிதர் இத்தனை வருடம் தன் தொழிலுக்கு இவ்வளவு நெருங்கிய சொந்தத்தைப் பெட்டியில் வைத்திருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இருந்தது.

மறுநாள் தொழிற்சாலையில் வேலை ஆரம்பிக்கும் முன்பே அதைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். கம்பி நல்ல கம்பி. வளைவு கொஞ்சம் விரிந்திருந்தது. நுனியில் கீறல் இல்லை. விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தாள், கொக்கியைப் புரட்டிப் போட்டுப் பார்த்தாள். எங்கும் இல்லை.

சாயங்காலம் கணவர் தேநீர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து மெதுவாக ஆரம்பித்தாள். "என்னங்க, அந்தக் கொக்கி இழுத்ததுல திறக்கலைங்க. அது பூட்டியிருக்கவே இல்லை."

"நான் பூட்டினேன்."

"சரி."

"என்ன சரி? நான் பூட்டினேன்னு சொல்றேன்."

"நீங்க பொய் சொல்றதா நான் சொல்லலையே" என்றாள்.

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் அவளைக் குடைந்தது. அவரும் உண்மையைச் சொல்கிறார், கொக்கியும் உண்மையைச் சொல்கிறது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? இரண்டு நாள் அதே யோசனை. மூன்றாம் நாள் வேலை முடிந்ததும் தூண்டில் கடைக்குள் போய் நின்றாள்.

கடைக்காரர் ஒல்லியாக, உயரமாக, தானே ஒரு கோல் மாதிரி இருந்தார். பூட்டாமல் போன கொக்கியை அவள் நீட்டியதும், "மாத்திக் கொடுக்கணுமா?" என்று சலிப்போடு கேட்டார்.

"வேண்டாங்க. உங்ககிட்ட எத்தனை வகை இருக்குன்னு பார்க்க வந்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு இழுப்பறையை உருவி அப்படியே கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். அடுத்த முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை.

ஒரு வகையில் கம்பியின் நுனி ஒரு சின்னத் தகட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அது அசல் ஊக்கேதான். இன்னொன்றில் தகடே கிடையாது. கம்பி சுற்றிவந்து தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டது. கணவர் வைத்திருந்தது இந்த வகை. மூன்றாவது வகையை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அதில் பூட்டே இல்லை. கம்பியை ஒன்றரைச் சுற்று சுருட்டி விட்டிருந்தார்கள். வளையத்தில் சாவியை ஏற்றுகிற மாதிரி பூச்சியின் தலையில் இருக்கும் கண் துளையை அதில் கொடுத்துத் தள்ளினால், சுற்றி வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டது.

"எல்லாரும் எதை வாங்குவாங்க?"

"பெருசைத்தான் வாங்குவாங்க. பெருசுன்னா பலம்னு நினைப்பு" என்றார் கடைக்காரர். "ஆனா மூக்குல கனம் ஏறினா பொய்மீன் குடிகாரன் மாதிரி நடக்கும். பூச்சி மிதக்காது, தலைகுப்புற முங்கிடும். பூச்சிக்குன்னா, நம்ம கண்ணுக்குத் தெரியுதோ தெரியலையோன்னு இருக்கிற அளவுதான் சரி. யாரும் கேக்குறதில்லை. நானும் சொல்றதை விட்டுட்டேன்."

ஒவ்வொன்றிலும் சிறியதும் பெரியதுமாக ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள்.

அந்த வார விடுமுறையில் கணவர் கோலை எடுக்கவில்லை. தோற்ற இடத்துக்குப் போக அவருக்கு மனமில்லை. தம்பி மட்டும் கடையைச் சாத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தான். அவள் சமையலறைக் கதவுச் சட்டத்தில் ஒரு ஆணி அடித்து, அதிலிருந்து தூண்டில் நரம்பு, நரம்பின் நுனியில் கொக்கி, கொக்கியில் ஒரு காலித் தண்ணீர்க் கேன் என்று தொங்கவிட்டாள். பிறகு குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினாள். எது முதலில் விட்டுக்கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முடிச்சைத் தம்பிதான் போட்டான். அவன் முடிச்சில் அவனுக்கு அவ்வளவு கர்வம். எச்சில் தொட்டு, இழுத்து, "இது எமன் வந்தாலும் அவிழாது" என்றான். ஐந்தரைக் கிலோவில் நரம்பு அறுந்து, கேன் கீழே வைத்திருந்த வாளிக்குள் விழுந்தது. அறுந்த இடம் முடிச்சுக்கு ஒட்டினாற்போல. கொக்கி அசையவில்லை. மறுபடி கட்டினான். மறுபடி அதே இடம். தம்பி நரம்பு பழசு என்றான். புது நரம்பிலும் அப்படியே. கடைசியில் கெட்டிக் கயிற்றைக் கட்டிக் கொக்கியை மட்டும் சோதித்தாள். அந்தக் குட்டிக் கொக்கி பதினோரு கிலோவரை தாக்குப்பிடித்தது.

"அப்ப தகராறு என் முடிச்சுலதானா?" என்றான் தம்பி, முகம் செத்துப்போய்.

"முடிச்சுப் போட்ட இடத்துல நரம்பு நசுங்குதுடா. யார் போட்டாலும் அப்படித்தான்."

அவனுக்கு அது ஆறுதலாக இல்லை. அவள் கவனம் அவன் மேலும் இல்லை. அதே கொக்கியைப் பூட்டாமல், பூட்டியது போலக் கம்பியைப் பக்கத்தில் கொண்டுவந்து மட்டும் வைத்து மாட்டினாள். இரண்டு கிலோகூட ஆகவில்லை, கொக்கி வாயைப் பிளந்தது. கேன் இந்த முறை வாளியின் விளிம்பில் பட்டுக் கவிழ்ந்து சமையலறை முழுக்க வெள்ளம். கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்து, "மேல என்ன, குளம் வெட்டுறீங்களா?" என்று கேட்டார். கணவர்தான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து தண்ணீரைத் தள்ளினார்.

அப்போது அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. தள்ளிக்கொண்டே, "அப்ப பெரிய கொக்கி வாங்கி லாபமில்லை, இல்லே?" என்றார்.

"இல்லைங்க. கொக்கி நரம்பை விட ரெண்டு மடங்கு பலம். பூட்டினா போதும்."

அவர் கவிழ்ந்த கேனை நிமிர்த்தி வைத்தார்.

அவர் பூட்டாமல் விட்டதற்குக் காரணம் கண் பார்வையாக இருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு, எதேச்சையாக நீட்டுவது போல ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்து, "இதுல என்ன போட்டிருக்கு, படிங்களேன்" என்றாள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடகடவென்று படித்துவிட்டு, "உனக்குத்தான் கண்ணு போயிடுச்சு போல" என்றார். அந்தச் சந்தேகம் போனது. கரையில் குளிர், விரல் விறைத்திருக்கும் என்று நினைத்தாள். மீன் தப்பிய நாள் நல்ல வெயில் என்று தம்பி சொல்லிவிட்டான். அவசரமோ? அவர் சிக்னலில் மஞ்சள் விழுந்தாலே நின்றுவிடுகிற மனிதர்.

அடுத்த நாள் சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பத்துக் கொக்கிகளையும் பத்துப் பூச்சிகளையும் வைத்தாள். "இதெல்லாம் மாட்டிப் பூட்டிக் கொடுங்க. ஒண்ணும் அவசரமில்லை."

"எதுக்கு?"

"பார்க்கத்தான்."

அவர் உட்கார்ந்தார். விளக்கு வெளிச்சத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாக ஒவ்வொன்றாக மாட்டினார். பத்தும் முடிந்ததும் துணியோடு அவள் பக்கம் தள்ளினார். அவள் ஒவ்வொன்றையும் எடுத்து நகத்தால் நெருடினாள். நாலு கொக்கி பூட்டவில்லை. கம்பி கழுத்துக்குப் பக்கத்தில் போய், உள்ளே விழாமல், மேலேயே நின்றது. பார்த்தால் பூட்டின மாதிரியேதான் இருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு தானே ஒன்றைப் பூட்டிப் பார்த்தாள். கண் தேவைப்படவே இல்லை. கம்பி பள்ளத்தில் விழும்போது கட்டைவிரல் நுனியில் ஒரு சின்ன அதிர்வு.

"இது உள்ளே விழும்போது கட்டைவிரல்ல 'டிக்'னு ஒண்ணு தெரியுதே, அதை வச்சுத்தானே பூட்டியாச்சுன்னு நீங்க விடுறீங்க?" என்று கேட்டாள்.

"எந்த டிக்?" என்றார் அவர்.

அவள் கையிலிருந்த கொக்கியைக் கீழே வைத்தாள். அடுத்த கேள்வி வாயில் இருந்தது. அதைக் கேட்கவில்லை. இந்த ஒரு வருடத்தில், சீருடை போட வேண்டாத நேரங்களில் அவர் பித்தான் வைத்த சட்டையை விட்டுவிட்டுத் தலைவழியாகப் போடுகிற பனியனுக்கு மாறியிருந்தார். இதுதான் காற்றோட்டம் என்று சொன்னார், அவளும் நம்பினாள். இரண்டு கண்ணாடித் தம்ளர் உடைந்திருந்தது. விடியற்காலையில் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பார். தூக்கத்தில் கை அடியில் மாட்டிக்கொண்டது என்பார். ஊரார் ஊக்கையெல்லாம் துருவித் துருவிப் பார்த்தவள் வீட்டு மனிதரின் கையைப் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று அவளுக்குச் சுருக்கென்றது.

"எத்தனை நாளா மரத்திருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் எழுந்துவிட்டார். "மரக்கவும் இல்லை ஒண்ணும் இல்லை. அந்தச் சுருள் மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்தியே, பூட்டே இல்லாதது, அதை வச்சு ஓட்டிக்கிறேன். அதோட விடு."

"கொக்கிக்கு அது சரி. கைக்கு?"

"ஸ்டியரிங் பிடிக்க எனக்கு டிக் தேவையில்லை." குரல் உயரவில்லை, ஆனால் கதவு சாத்தின மாதிரி இருந்தது. "பணிமனை டாக்டர் காதுக்குப் போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? கீழே இறக்கிடுவான். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் ஷெட்ல உக்காந்து டயருக்குக் காத்து அடிக்கச் சொல்றியா?"

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. சாப்பாடு வைத்தாள், சாப்பிட்டார். தம்பி வந்து நிலவரத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டான். அவளுக்கும் பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு சின்னக் கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது, அதை அவளால் அடக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "டாக்டர்கிட்ட போகச் சொல்லலை. ஒரே ஒரு சந்தேகம். கை பூராவும் மரத்திருக்கா, சில இடத்துல மட்டுமா?"

அவர் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்து, "சுண்டுவிரல் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்படியா? ஏன் அது மட்டும்?"

"எனக்கென்ன தெரியும்."

அவள் ஒரு ஊக்கையும் பேனாவையும் எடுத்து வந்தாள். அவர் மறுக்கவில்லை. கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் ஊக்கின் நுனியால் மெல்லத் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். தெரியுதா, தெரியுது. இங்கே, கொஞ்சம். இங்கே? எங்கே? அவர் 'எங்கே' என்று கேட்ட இடத்தில் எல்லாம் பேனாவால் புள்ளி வைத்தாள். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் என்று புள்ளிகள் நிறைந்தன. மோதிரவிரலுக்கு வந்தபோது அவள் கை நின்றது. மறுபடி தொட்டாள். நடுவிரலைப் பார்த்த பக்கம் ஒன்றும் தெரியவில்லை. சுண்டுவிரலைப் பார்த்த பக்கம் நன்றாகத் தெரிந்தது. ஒரே விரல், நட்ட நடுவில் கோடு கிழித்த மாதிரி. அவள் உண்மையாகவே கோடு கிழித்தாள்.

"கண்ணைத் திறந்து பாருங்க."

அவர் பார்த்தார். தன் கையையே முதல் தடவையாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். இடது கையால் தானே மோதிரவிரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

"இது எப்படி? பாதி விரல் எப்படி மரக்கும்?"

"அதான் எனக்கும் புரியலை."

"விரல்னா ஒண்ணுதானே? மரத்தா முழுசா மரக்கணும்."

"யாருக்காவது தெரிஞ்சிருக்கும்" என்றாள் அவள். பேனாவை மூடி வைத்தாள். அவர் இருட்டும்வரை அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் பனியனை மாட்டிக்கொண்டே, "கை டாக்டர்னு தனியா யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "கேட்டுட்டு வந்துடலாம். கேக்குறதுல என்ன இருக்கு."

கை மருத்துவர் சின்ன வயதுப் பெண். பேனாப் புள்ளிகள் அழியாமல் இருக்கக் கணவர் அந்தக் கையைக் கழுவாமலே கொண்டுபோயிருந்தார். மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, "யார் போட்டது இது?" என்றார்.

"வீட்டுக்காரி" என்றார் கணவர். அதில் கொஞ்சம் பெருமை இருந்ததை அவள் கவனித்தாள்.

"எனக்குப் பாதி வேலை மிச்சம். ரொம்பச் சரியா இருக்கு." மருத்துவர் அவர் மணிக்கட்டைத் திருப்பி, நடுவில் விரலால் தட்டினார். கணவருக்கு விரல் நுனிவரை மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீர் என்றது. "கைக்கு வர்ற நரம்புல ஒண்ணு இந்த வழியா வருதுங்க. அது கட்டைவிரல்ல ஆரம்பிச்சு மூணரை விரலுக்குத்தான் போகும். மிச்ச ஒண்ணரை விரலுக்கு வேற நரம்பு, அது வேற வழி. மணிக்கட்டுல ஒரு இடுக்கு இருக்கு. வருஷக்கணக்கா ஒரே மாதிரி பிடிச்சு வேலை செஞ்சா சில பேருக்கு அங்கே வீங்கி, நரம்பை நசுக்கும்."

கணவர் யோசித்தார். "கோல்ல வளையத்துக்குள்ள நரம்பு ஓடுது. வளையம் சின்னதாயிட்டா நரம்பு நசுங்கும். அந்த மாதிரியா?"

மருத்துவருக்கு எந்த நரம்பு, எந்த வளையம் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும், "அதே மாதிரிதான்" என்றார். "வளையத்தைக் கொஞ்சம் தளர்த்தி விடணும். சின்ன ஆப்பரேஷன். இப்பவே செஞ்சா கை வேலைக்குத் திரும்பிடும். தள்ளிப்போட்டா கட்டைவிரல் சதை வத்திப்போகும், அப்ப ஸ்டியரிங் பிடிக்கிறதே கஷ்டம்."

அவர் எதற்குப் பயந்து மறைத்தாரோ, மறைத்ததால்தான் அது நடக்க இருந்தது. வெளியே வந்து படியில் நின்றபோது, "முதல்லயே கேட்டிருக்கலாம்" என்றார். "உன்கிட்ட சொன்னா நீ நூறு கேள்வி கேப்பேன்னுதான் சொல்லலை."

"கேட்டிருப்பேன்" என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

பணிமனையில் அவர் தானே போய்ச் சொன்னார். ஷெட்டில் காற்றடிக்கச் சொல்லவில்லை. இரண்டு மாதம் நேர அட்டவணை மேஜையில் உட்கார வைத்தார்கள். அந்த மேஜையின் மேல் அவருக்கு இருந்த வெறுப்பு ஒரு வாரத்தில் கொஞ்சம் குறைந்தது. எந்தப் பேருந்து எங்கே, ஏன் தாமதமாகிறது என்று அங்கேயிருந்து பார்த்தால் தெரிந்தது. இருந்தாலும் நாட்களை எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைவிரலும் நடுவிரலும் மெதுவாக உணர்வுக்கு வந்தன. ஆள்காட்டிவிரல் நுனி மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தம். அது அப்படியே இருந்தாலும் இருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மூன்றாம் மாதம் அவர் திரும்பவும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தார்.

அதற்கு முன்னால், கையில் கட்டு இருந்த நாட்களில், நீர்த்தேக்கத்துக்குப் போகாமல் அவரால் இருக்க முடியவில்லை. வீச முடியாது. தம்பி கடையில் கூட்டம். அதனால் அவள்தான் கூடப் போனாள். இந்த முறை யாரும் அவளை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. கரையில் ஒரு தட்டைக் கல்லின் மேல் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அவள் வீசக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் முழுக்கப் பின்னாலிருந்த புதரைத்தான் பிடித்தாள். இரண்டாம் நாள் நரம்பு தண்ணீரில் விழ ஆரம்பித்தது.

அவளுக்கு மீனை விடக் கொக்கிதான் முக்கியமாக இருந்தது. பொய்மீனுக்குத் தன் கழுத்தைத் தானே பிடிக்கிற கொக்கி, நடு அளவு. அதன் வளைவு அகலமாக இருந்ததால் பொய்மீன் தாராளமாக வாலாட்டியது. பூச்சிக்குப் பூட்டில்லாத சுருள், இருப்பதிலேயே சிறியது. ஒரு அளவு பெரியதை மாட்டினாலும் பூச்சி மூக்கால் தண்ணீர் குடித்தது. இதையெல்லாம் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதினாள். பிற்பாடு கடைக்காரர் அதைக் கேட்டு வாங்கி இழுப்பறைக்கு மேல் ஒட்டிக்கொண்டார்.

ஒரு நாள் அவளுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. பூச்சி முங்குவது கொக்கியின் கனத்தாலா, நரம்பின் கனத்தாலா? பூச்சியைக் கழற்றிவிட்டு வெறும் சுருளை மட்டும் நரம்பின் நுனியில் விட்டு, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வீசினாள். தண்ணீர் தெளிந்திருந்தது. அந்தச் சின்னக் கம்பி வெயிலில் ஒரு தடவை மின்னிவிட்டு இறங்கியது. அப்போது பக்கவாட்டிலிருந்து ஒரு சாண் நீள மீன் வந்து அதைக் கவ்வியது.

அவள் கையில் நரம்பு இழுபட்டது. பூச்சியோடு இருக்கும் தூண்டில் முள் இல்லாததால் மீன் இரண்டு நொடி வைத்திருந்துவிட்டுத் துப்பிவிட்டுப் போனது.

"பார்த்தீங்களா?" என்று கிசுகிசுத்தாள்.

"பார்த்தேன்" என்றார் அவர். எழுந்தே நின்றுவிட்டார். "வெறும் கம்பிதானே அது?"

"வெறும் கம்பிதான்."

"இறகு இல்லை, நிறம் இல்லை, ஒண்ணுமே இல்லை."

"ஒண்ணுமே இல்லை."

முப்பது வருடமாக அவர் பெட்டி பெட்டியாகச் சேர்த்திருந்த பொய்மீன்களும் பூச்சிகளும் கல்லின் மேல் திறந்து கிடந்தன. அவர் அதையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, "இன்னொரு தடவை அதே இடத்துல வீசு. வெறும் கம்பியாவே வீசு. நான் இங்கேருந்து அது எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு பார்க்குறேன்" என்றார்.

வீசினாள். மதியம்வரை வீசிக்கொண்டே இருந்தாள். மீன் மறுபடி வரவில்லை. சாயங்காலம் தம்பியிடம் சொன்னபோது அவன் ஒரு வாடிக்கையாளரின் தாடையில் சோப்பு நுரை பூசிக்கொண்டிருந்தான். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ரீல் விடுறீங்க" என்றான். நாற்காலியில் இருந்தவர், தானும் ஒரு தடவை அப்படிப் பார்த்திருப்பதாக நுரைக்குள்ளிருந்து சொன்னார். "எங்கே, எப்போ, தண்ணி எவ்வளவு ஆழம்?" என்று அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.